காலி செய்யும் கருவி

என் தங்கை சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் வாங்கிய பட்டம். ஒரு மழைநாளில் அம்மா வெளியே கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் கதவத் திறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினார். இவள் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாக நலம் விசாரித்தாள். தலை துவட்டிக்கொள்ளக் கம்பி இடுக்கில் துண்டுகூட நீட்டினாள். கதவை மட்டும் திறக்கவில்லை. அம்மா திரும்பி வந்தபோது அப்பா சொட்டச் சொட்ட வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அப்பா வந்தா திறக்கலாம்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள் இவள். அப்பா தும்மிக்கொண்டே, "சரியான வக்கீல்டி நீ!" என்றார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை. சிறுநீரகம் கைவிட்டவர்களை நாற்காலியில் சாய்த்து, கையில் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுகிற இடம். அங்கே நான் "அத எடு" என்றால் கூட இருப்பவர்கள் எதை என்று கேட்கக் கூடாது, எடுக்க வேண்டும். வக்கீலோ "எத? எங்க வைக்க? இல்லன்னா என்ன பண்ண?" என்று மூன்று கேள்வி கேட்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்து எழமாட்டாள். சின்ன வயதில் இதற்காகவே என்னிடம் நிறைய குட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்தக் குணத்துக்கு ஏற்ற மாதிரி அவளுக்கு ஒரு வேலையும் கிடைத்தது, பாருங்கள்! ஆஸ்பத்திரிகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்ட்டர். புதிதாக ஒரு பக்கம் செய்தால், வெளியே விடுவதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்து எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு வேலை. "உனக்குன்னே செஞ்ச வேலைடி இது" என்று நான் சொன்னதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

சில வருடம் அப்படிப் போனது. பிறகு பட்டன் அழுத்தும் வேலைக்கு ஏஜென்ட் வந்துவிட்டது என்றாள். நான் வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர் என்று நினைத்து, "அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். ஆள் இல்லையாம், ஏஐயாம்.

"அதுக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்லக்கா. நாம ஒரு பெட்டி நிறையக் கருவி குடுக்குறோம். பக்கத்தத் திறக்க ஒண்ணு, பட்டன அழுத்த ஒண்ணு, எழுத்து அடிக்க ஒண்ணு, காத்திருக்க ஒண்ணு. எல்லாத்துக்கும் பக்கத்துல நாலு வரி எழுதி வைக்கணும். இது என்ன செய்யும், எப்ப எடுக்கணும், எப்ப தொடக் கூடாது, வேலை ஆகலன்னா என்ன சொல்லும்னு. அந்த நாலு வரியப் படிச்சுட்டுதான் அது எந்தக் கருவிய எடுக்கறதுன்னு முடிவு பண்ணும்."

"அந்த நாலு வரிய யார் எழுதுறா?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவை மழையில் நிறுத்தியவள் கையிலேயே அந்த வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்களே!

ஆனால் வேலை ஒன்றும் சிரிப்பாக இல்லை. ஆரம்பத்தில் 'காத்திரு' என்ற கருவிக்கு, "பட்டன் தோன்றும்வரை காத்திருக்கும்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள். பட்டன் தோன்றாவிட்டாலும் அந்தக் கருவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். அதை அவள் எழுதவில்லை. ஏஜென்ட் என்ன செய்தது? காத்திருந்தது, கருவி திரும்பி வந்தது, அப்படியானால் பட்டன் தோன்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு "எல்லாம் சரி" என்று அறிக்கை கொடுத்தது. இவள் சந்தேகப்பட்டுத் தானே திறந்து பார்த்தால் பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அன்றைக்கே திருத்தி எழுதினாள். "தோன்றாவிட்டால், தோன்றவில்லை என்று சொல்லித் திரும்பும். அப்படித் திரும்பினால் சோதனை தோல்வி. மேலே போகாதே." அதிலிருந்து எதை எழுதினாலும் கடைசியில் "ஆகாவிட்டால்" என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் இருக்கும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் என்னிடம் தன் போனைக் காட்டினார். பால் வாங்கி வரச் சொல்லி அனுப்பிய செய்தி. "பால் ஒரு பாக்கெட். முனைக்கடையில் இல்லாவிட்டால் எதிர்க்கடை. அங்கேயும் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வரவும். பதிலுக்குத் தயிர் வாங்க வேண்டாம்."

"ஒரே ஒரு தடவ தயிர் வாங்கிட்டு வந்தேன் அண்ணி. அதுக்கு இந்தப் பாடு" என்றார் பாவம்.

நம்ப மாட்டீர்கள், எங்கள் ஆஸ்பத்திரிக்கு இணையதளம் செய்யும் வேலையும் அவர்கள் கம்பெனிக்கே போனது. டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் முன்பதிவு செய்யும் பக்கத்தைப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சோதனை செய்வதற்கு ஒரு பயிற்சித் தளம். பார்க்க உண்மையான தளம் மாதிரியே இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் கற்பனைப் பெயர்கள். ஏஜென்ட் தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அதிலுள்ள முன்பதிவுகளை எல்லாம் ரத்து செய்துவிட்டு, காலி நாற்காலிகளோடு புதிதாகச் சோதனையைத் தொடங்கும். அப்படி ரத்து செய்வதற்கென்று ஒரு கருவி. அதன் பெயர் 'காலி செய்'.

அதற்கு வக்கீல் எழுதியிருந்த விளக்கம் ஒரு பத்தி இருந்தது. பயிற்சித் தளத்தில் மட்டும் பயன்படுத்து, முதலில் முகவரியைப் பார், சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேள் என்றெல்லாம். ஒருநாள் அவர்கள் குழுத் தலைவர் எல்லா விளக்கங்களையும் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் இவ்வளவையும் படிச்சா அது குழம்புது, வேலையும் இழுக்குது. தேவையில்லாதத வெட்டுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பல விளக்கங்களில் இவள் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தாள். உட்கார்ந்து வெட்டினாள். வெட்டுகிற வேகத்தில் 'காலி செய்' கருவிக்கும் கத்தரி விழுந்தது. ஏஜென்ட் எப்போதும் பயிற்சித் தளத்தில்தானே வேலை செய்கிறது, இதை வேறு தனியாகச் சொல்லணுமா என்று நினைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது, "அன்றைய முன்பதிவுகள் அனைத்தையும் ரத்து செய்யும்" என்ற ஒரே வரி.

மறுநாள் காலை நான் வார்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மதிய ஷிப்டில் எந்த நாற்காலிக்கு யார் என்று பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும். திரையில் எல்லா நாற்காலியும் காலி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காலிதான். ஒரு பெயர்கூட இல்லை. பக்கத்தின் அடியில் 'அனைத்தும் ரத்து' என்று இருந்தது.

முன்பதிவு ரத்தானால் அவர்களுக்குத் தானாகவே செய்தி போய்விடும். இன்று வரவேண்டாம் என்று செய்தி பார்த்தால் யார் வருவார்கள்? இதென்ன சினிமா டிக்கெட்டா, போனால் போகிறது என்று விட? ஒரு தடவை தவறினாலே உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்கீங்க உங்க ஆபீஸ்ல? இங்க மதியத்துக்கு ஒருத்தர் பேரும் இல்ல. எல்லாம் ரத்துன்னு காட்டுது!"

அவள் மெதுவாக, "அக்கா... நான் அந்த வரிய வெட்டிட்டேன்க்கா" என்றாள்.

எந்த வரி, என்ன வெட்டினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகைக்கு நடுவே சொன்னாள். போன வாரம் உண்மையான தளத்தையும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும் என்று ஏஜென்ட்டுக்கு உள்ளே நுழைய அனுமதி கொடுத்திருந்தார்களாம். அதைத் திரும்ப எடுத்தார்களா இல்லையா என்று இவளுக்குத் தெரியாது. இன்று காலை கருவி ஓடியிருக்கிறது. "ரத்து செய்தாயிற்று, வெற்றி" என்று பதிலும் வந்திருக்கிறது. எந்தத் தளத்தில் என்று அந்தப் பதிலில் இல்லை.

"எந்தத் தளத்துலன்னு பதில்ல சொல்லணும்னுகூட நான் எழுதலக்கா" என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

"அழுது என்ன ஆகப்போகுது? மொதல்ல கிளம்பி வா" என்று போனை வைத்தேன். அவளைத் திட்ட வாய் வரவில்லை.

உடனே நோயாளிகளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். முதலில் கூப்பிட்டது கடிகாரக்காரரை. கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், அதனால் எங்கள் வார்டில் அதுதான் பெயர். அவரை ஏன் முதலில் என்றால், மற்றவர்கள் செய்தி பார்த்தால் பதறிப்போய் ஏன் ரத்து என்று எங்களிடம் கேட்பார்கள். இந்த மனுஷன் மட்டும் லீவு விட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுத் தூங்குவார். வரும்போதெல்லாம் "இன்னைக்கு வேணாம்மா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்கிற ஆள். போன வாரம்தான் கால் இரண்டும் வீங்கிப்போய் வந்தார். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டேன். "மெசேஜா? அதெல்லாம் எனக்கு எங்க பாக்கத் தெரியுது? என் பையன் வந்தாத்தான் தெரியும்" என்றார். மதியம் கட்டாயம் வந்துவிடச் சொன்னேன். "நான் எப்பம்மா வராம இருந்தேன்?" என்று என்னையே கேட்டார்.

வக்கீல் ஓடிவந்தாள். தலை வாரவில்லை, செருப்பு ஜோடி மாறியிருந்தது. என்னைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எழுத்த யாரு இவ்ளோ பெருசாக்கினது?" என்றாள்.

"நான்தான். எனக்கு வெள்ளெழுத்து. இப்ப அதுவாடி முக்கியம்?"

அவள் பக்கத்தை மேலே தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். நான் பெரிதாக்கியதில் திரைக்கு மேலே போய் மறைந்திருந்த ஒரு மஞ்சள் பட்டை இறங்கி வந்தது. அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பயிற்சித் தளம்'.

முந்தின நாள் எங்களுக்குப் புதுப் பக்கத்தைக் காட்டுவதற்காக இவள்தான் இந்தக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாள். காட்டி முடித்துவிட்டு மூடாமலே போயிருக்கிறாள். காலையில் ஏஜென்ட் வந்து பயிற்சித் தளத்தைக் காலி செய்திருக்கிறது. அதன் வேலையே அதுதான். நான் போய் அந்தக் காலியைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

"அக்கா, உண்மையான தளத்தத் திற. உன் பாஸ்வேர்டப் போடு" என்றாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். திறந்தது. அத்தனை நாற்காலியிலும் பெயர் இருந்தது. கடிகாரக்காரர், அந்த அம்மா, எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன், பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். "வயித்துல பால வார்த்தடி! ஆனா திறந்தத மூடிட்டுப் போகத் தெரியாதா உனக்கு?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "மெஷினுக்கு மஞ்சப் பட்டையப் பாரு, முகவரியப் பாருன்னு பக்கம் பக்கமா எழுதினேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டேனே" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின்கள் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம்.

வீட்டுக்குப் போடி என்றேன். போகமாட்டேன் என்றுவிட்டாள். மதியத்துக்கு வரவேண்டிய ஒவ்வொருவரும் வந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்தால்தான் போவாளாம். நோயாளிகளை எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலையிலேயே இவள் தகவல் சொல்லியிருந்த குழுத் தலைவர் அப்போது போனில் வந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"ஏஜென்ட் எங்கெங்க ஓடுச்சுங்கற பதிவெல்லாம் பாத்துட்டேங்க. பயிற்சித் தளத்துலதான் ஓடியிருக்கு. வேற எங்கயும் தொடல."

"உண்மையான தளத்துக்குக் குடுத்த அனுமதி?"

"அது... இன்னும் திறந்துதாங்க இருந்துச்சு. நான் மூட மறந்துட்டேன். இப்ப மூடிட்டேன். இனிமே அந்தப் பக்கமே போக முடியாது."

வக்கீல் போனை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒவ்வொருவராக வந்தார்கள். போனில் பேசிய அம்மா வந்து எடை பார்த்துவிட்டு, "ஏம்மா காலையில அவ்ளோ பதட்டமா பேசின?" என்று என்னைக் கேட்டார். சும்மா என்று சொல்லி ஊசியைக் குத்தினேன். நாற்காலிகள் நிறைந்தன. கடிகாரக்காரருடையது மட்டும் காலியாக இருந்தது. திரையில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஏதாவது ஒரு மூலையில் ஒரே ஒரு பெயர் மட்டும் ரத்தாகியிருந்தால்? அப்படி ஆகாது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஷிப்ட் தொடங்கி ரொம்ப நேரம் கழித்து மனுஷன் சாவகாசமாக நடந்து வந்தார்.

"போன எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று நான் பாய்ந்தேன்.

"உன் நம்பர்னு தெரிஞ்சா நான் எதுக்கும்மா எடுக்கறேன்? திட்டத்தான கூப்பிடுவ" என்றபடி எடை மெஷினில் ஏறினார். "ஒரு கடிகாரத்தப் பிரிச்சு வச்சிருந்தேன். பாதியில விட்டா ஸ்க்ரூ காணாமப் போயிரும், அதான் லேட்டு."

வக்கீல் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். முன்பின் தெரியாத ஆள். "ஐயா, உங்களுக்கு இன்னைக்கு ரத்துன்னு ஏதாவது மெசேஜ் வந்துச்சா?" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வந்திருந்தா நான் இங்க எதுக்கும்மா வரப்போறேன்? சந்தோஷமா வீட்டுல படுத்திருப்பேனே!"

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அவர் காலைப் பார்த்தேன், கணுக்காலில் இன்னும் வீக்கம் இருந்தது. எடை ஏறியிருந்தது. தங்கை சிரிக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, நான் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் சிவப்பாக ஓட ஆரம்பிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தாள். இத்தனை மாதமாக முன்பதிவு, முன்பதிவு என்று எழுதிக்கொண்டிருந்தாளே, அது இதுதான் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். பிறகு ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்ப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே பின்னால் போய் நின்று படித்தேன். 'காலி செய்' கருவிக்குப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். "பயிற்சித் தளத்தில் மட்டும். முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொள். உறுதியாகாவிட்டால் நிறுத்திவிட்டுக் கேள். எந்தத் தளத்தில் ரத்து செய்தாய் என்று பதிலில் சொல்." அதோடு விடவில்லை. கீழே இன்னொன்றும் எழுதினாள். "உண்மையான தளத்தில் ரத்து செய்தால், செய்தியை நம்பி ஒருவர் வராமல் இருந்துவிடுவார். வராவிட்டால் இறந்துபோகலாம்."

"காரணமெல்லாம் எழுதணுமாடி மெஷினுக்கு? திரும்பவும் நீளம்னு சொல்லுவார் உங்க தலைவர்" என்றேன்.

"சொல்லட்டும். வேற எதுல வேணா வெட்டித் தரேன்க்கா. இதுல மாட்டேன்."

கடிகாரக்காரர் நாற்காலியிலிருந்து, "யாராவது அந்தப் போர்வையக் குடுங்கம்மா, குளுருது" என்று குரல் கொடுத்தார். ரத்தம் வெளியே போய் வரும்போது எல்லோருக்கும் குளிரும். நான் திரும்புவதற்குள் வக்கீல் எழுந்துவிட்டாள். எந்தப் போர்வை, எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்துப்போய், ஊசி இருந்த கையை விட்டுவிட்டு, அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டாள்.